பெயருக்கு நடுவே ஒரு கோடு

எட்டு வருடம் ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத என் மடிக்கணினி, தன்னைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளும்படி ஒருநாள் காலையில் எனக்கே செய்தி காட்டியது. மரியாதையான ஆங்கிலம். இந்தக் கணினி புதிய பதிப்புக்குத் தகுதியானதல்ல, பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு வராது என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். திரையில் ஒரு கீறல் இல்லை. கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. பேட்டரியை மட்டும் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். எங்கோ உட்கார்ந்திருக்கும் எவனோ, என் வீட்டு மேசையில் இருக்கும் என் பொருளுக்குத் தகுதியில்லை என்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது. என் கணவர் பாசிர் கூடாங் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறார். முப்பது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவர். கணினியைப் பார்த்து நான் திட்டுவதைக் கேட்டுவிட்டுக் குளியலறையிலிருந்து தலையை நீட்டினார். "சண்ட போட ஆளு கிடைக்கலன்னா மெஷின்கிட்டயும் போவியா நீ?" என்றார்.

விஷயம் விளையாட்டில்லை. அந்தக் கணினிதான் என் பிழைப்பு. ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக்காரருக்கு வீட்டிலிருந்தே கடித வேலை செய்து கொடுக்கிறேன். ஆலையை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு நடக்கும் வாரங்களை ஷட்டவுன் என்பார்கள். அப்போது வெல்டர், சாரம் கட்டுகிறவர், துப்புரவு ஆள் என்று நூற்றுக்கணக்கில் வெளியாட்கள் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர், ஐசி என்ற அடையாள அட்டையின் எண், பாதுகாப்புப் பயிற்சி முடித்த விவரம் போட்டு ஓர் உறுதிக் கடிதம் தயாரித்து, அந்த ஆளின் பெயரிலேயே கோப்பாகச் சேமித்து ஆலைக்கு அனுப்ப வேண்டும். கடிதம் போகாத ஆளுக்கு கேட்டில் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாவிட்டால் வேலை கிடையாது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடிக்குப் போனேன். கடைக்காரன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆன்டி, இது பழசு லா. வச்சிக்கிட்டு என்னா பண்ணப்போறீங்க?" என்றான். அவனுக்கு எப்படியும் நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயதுதான் இளையவன். பழசு என்று அவன் சொன்னது எதை என்று தெரியாமலேயே படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்த வேகத்தில்தான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் தேடினேன். பெயரை எங்கோ கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். வீடியோ பார்த்து, பென்டிரைவில் ஏற்றி, பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு இதைப் போட்டேன். அழிக்கட்டுமா என்று அது கேட்டபோது, ஆமாம் என்று அழுத்திய விரலில் இருந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிரிண்டர் நான்கு நாள் என்னைப் படுத்தி எடுத்தது. வைஃபை ஒரு நாள் முழுக்கக் காணாமல் போனது. ஆனால் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட அதே கணினி, பத்து வினாடியில் எழுந்து உட்கார்ந்தது. கணக்கு திற, கடவுச்சொல் கொடு, இதை வாங்கு, அதைப் புதுப்பி என்று எவரும் நச்சரிக்கவில்லை. உள்ளே இருக்கும் நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் எடுத்துப் பார், திருத்து, பக்கத்து வீட்டுக்கும் கொடு என்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது. அதில் பாதி, அந்தக் கடைக்காரனை ஜெயித்த சந்தோஷம்.

குத்தகைக்காரருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "அக்கா, ஓசியில கிடைக்கறத வச்சி கம்பெனி வேல செய்யாதீங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் அலுவலகத்தில் இருக்கும் கணினிகள் அத்தனையிலும் திருட்டுப் பிரதி ஓடுகிறது. எனக்கே தெரியும், வலது மூலையில் உரிமம் இல்லை என்ற எழுத்து நிரந்தரமாகத் தெரிகிறது. திருடியதை வைத்துக்கொண்டிருப்பவர், கொடுத்ததை வாங்கிக்கொண்ட என்னைப் பார்த்து ஓசி என்கிறார். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிரித்து மழுப்பினார்.

அந்த வருட ஷட்டவுன் பெரிது. அதற்கு எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் போவதாக இருந்தாள். மின்னணுத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் லைனில் வேலை பார்த்தவள். லைனை மூடியபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் வீட்டோடு கிடந்தாள். யாராவது சமையலுக்குக் கூப்பிட்டால் போவாள், பிள்ளை பார்க்கச் சொன்னால் பார்ப்பாள். பேச்சே குறைந்துபோயிருந்தது. ஃபயர் வாட்சர் பயிற்சிக்குப் போ என்று அவளைத் தள்ளிவிட்டது நான்தான். வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைப்பானோடு நின்று பொறி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. அதற்குப் பெண்களை எடுக்கிறார்கள். முதலில் பயந்தாள். பிறகு போனாள், தேறினாள். பாதுகாப்புக் காலணி வாங்கிய அன்று அதைப் போட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் நடந்து காட்டினாள். "அக்கா, இது கெடச்சிச்சின்னா அடுத்த அடுத்த ஷட்டவுனுக்கும் கூப்புடுவாங்க இல்ல?" என்று கேட்டாள். கட்டாயம் கூப்பிடுவார்கள் என்றேன். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

முன்பெல்லாம் அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றாகப் பெயர் கொடுத்துச் சேமிப்பேன். இரண்டு முழு நாள் போகும். லினக்ஸுக்கு வந்தபின் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருக்கும் வரிகளை எடுத்து, கடிதமாக்கி, பெயர் வைத்து, ஒரு கோப்புறையில் அடுக்கிவிடும் சின்ன நிரல். பட்டியலின் முதல் மூன்று வரியை வைத்துச் சோதித்தேன். மூன்று கடிதமும் அச்சுப் பிசகாமல் வந்தன. பிறகு முழுப் பட்டியலையும் கொடுத்தேன். கறுப்புத் திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. கடைசியில் நானே தமிழில் எழுதி வைத்திருந்த வரி வந்து நின்றது: 'எல்லாம் முடிந்தது அக்கா.' எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோப்புறையை அப்படியே ஆலைக்கு அனுப்பிவிட்டுப் போய் மீன் கழுவினேன்.

ஷட்டவுன் தொடங்கிய காலை கணவரிடமிருந்து போன் வந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர் கேட்டில் இருந்து பேசினார்.

"நம்ம ஆளுங்கள உள்ள விடமாட்டேங்கறான்."

"நம்ம ஆளுங்கன்னா?"

"நம்ம ஆளுங்கதான். தமிழங்க. மலாய்க்காரங்க, சீனங்க, பங்களாதேஷ்காரங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க. நம்மாளுங்க மட்டும் இருபது பேருக்கு மேல வெளிய நிக்கறாங்க."

அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. வீடு வாடகைக்குக் கேட்கப் போய் என் பெயரைச் சொன்னதும் இடம் போய்விட்டது என்று கேட்ட நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் கோப்பைத் திறக்காமலே மூடியவரின் முகம் ஞாபகம் இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆலை வாசலில் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் தலைக்கவசத்தைக் கையில் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் போட்டுக்கொண்டு நின்றாள், தாடைப் பட்டைகூட மாட்டியிருந்தது. நான் நேரே காவலர் கூண்டுக்குப் போனேன். உள்ளே நடுத்தர வயது மலாய்க்காரர். அவரைப் பேசவே விடவில்லை. எங்கள் ஆட்களை மட்டும் ஏன் நிறுத்தினீர்கள், எங்கள் நிறம் பிடிக்கவில்லையா, யார் கொடுத்த உத்தரவு, பெரியவரைக் கூப்பிடு என்று கத்தினேன். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். குத்தகைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். உதறினேன்.

காவலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார். "காக், சூராட் தாடாக்" என்றார். அக்கா, கடிதம் இல்லை. விரலால் மேலிருந்து கீழே தள்ளிக் காட்டினார். வந்த கடிதங்களின் பட்டியல் அது. அதில் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை. நான் அனுப்பினேன், நீங்கள் அழித்திருப்பீர்கள் என்று அதற்கும் கத்தினேன். நான் அனுப்பியதை நான் பார்க்கவில்லை என்பது அந்த நிமிடத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

"அக்கா, அந்த ஓசி சாமான தூக்கிப் போடுங்கன்னு அப்பவே சொன்னனா இல்லையா?" என்றார் குத்தகைக்காரர்.

"அதுல ஒரு கோளாறும் இல்ல. இவங்க வேணும்னே பண்றாங்க" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். வேலியோரம் நின்றவர்கள் அதை நம்பினார்கள். எதிர்வீட்டுப் பெண் காவலரை முறைத்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கோப்புறையைத் திறந்தேன். மலாய்ப் பெயர்கள் இருந்தன. சீனப் பெயர்கள் இருந்தன. தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டி, இந்த முறை ஓடும் வரிகளை நிறுத்திப் படித்தேன். ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் ஒரே புகார்தான்: அப்படியொரு கோப்புறை இல்லை.

அப்போதுதான் விளங்கியது. இந்த நாட்டில் எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு உண்டு. ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. மலாயில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம். பிறப்புச் சான்றிதழில் தொடங்கி ஐசி வரைக்கும் கூடவே வரும். லினக்ஸில் சாய்கோடு என்றால் கோப்புறைப் பிரிப்பு. கோட்டுக்கு முன்னால் இருப்பது கோப்புறையின் பெயர், பின்னால் இருப்பது கோப்பின் பெயர். ஒரு பெண்ணின் பெயரை ஒரு கோப்புறை என்று எடுத்துக்கொண்டு, அவள் அப்பாவை அதற்குள் வைக்கப் போய், அந்தக் கோப்புறை இல்லை என்று அது கைவிட்டிருக்கிறது. நான் சோதித்துப் பார்த்த முதல் மூன்று வரியும் மலாய்ப் பெயர்கள். அவர்கள் பெயருக்கு நடுவே இன்னாரின் மகன் என்பதற்கு 'பின்' என்ற சொல் வரும், கோடு கிடையாது.

பழைய சிஸ்டமும் கோப்பின் பெயரில் அந்தக் கோட்டை ஏற்காது. ஆனால் அங்கே ஒவ்வொரு பெயரையும் நான் கையால் அடித்தேன். கோடு வரும் இடத்தில் என் விரல் தானாக ஒரு சிறு கோட்டைப் படுக்கையாகப் போட்டுவிட்டுப் போய்விடும். எட்டு வருடம் அப்படிப் போட்டதில், போடுகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதை ஸ்கிரிப்டிடம் நான் சொல்லவே இல்லை. என் ஐசியிலும் அதே கோடு இருக்கிறது. விமான டிக்கெட் பதியும்போது தகாத குறி என்று சிவப்பில் எழுத்து வரும் ஒவ்வொரு முறையும், எங்கள் அப்பாக்களை எப்படி எழுதுவது என்றுகூடத் தெரியாத முட்டாள்கள் என்று திட்டியவள் நான். கடைசியில் இருபத்து மூன்று பேரின் அப்பாக்களைத் தூக்கி எறிந்தது என் கையால் எழுதிய பதினான்கு வரி. அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

திருத்தம் ஒரே வரிதான். கடிதத்துக்குள் பெயர் அப்படியே இருக்கும், கோப்பின் பெயரில் மட்டும் கோடு மாறும். பத்து நிமிடத்தில் எல்லாக் கடிதமும் போய்ச் சேர்ந்தன. மதியத்துக்குமேல் வெல்டர்களையும் சாரக்காரர்களையும் உள்ளே விட்டார்கள். ஃபயர் வாட்சர்களுக்கு அன்று காலையில் ஒரே ஒருமுறைதான் ஆலையின் உள்ளிடத்தைக் காட்டித் தரும் பயிற்சி. அது முடிந்துவிட்டது. இடம் காலியாக இருந்ததால் வேறொரு குத்தகைக்காரரின் ஆட்களை வைத்து நிரப்பிவிட்டார்கள். எங்கள் பட்டியலில் இருந்த தமிழ் ஃபயர் வாட்சர் எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான்.

குத்தகைக்காரருக்குப் போன் செய்து, தவறு என்னுடையது, லினக்ஸ் மேல் ஒன்றும் இல்லை என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானக்கா. என் ஆபீஸ்ல இருக்கறத ஒரு காப்பி தரேன், அதப் போடுங்க" என்றார். மாட்டேன் என்றேன். என் தவற்றை நான் செய்ததாகவே வைத்துக்கொள்கிறேன், உங்கள் திருட்டுப் பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்காதீர்கள் என்று கத்தினேன். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தவள், அவரைத் திட்டிவிட்டு வைத்தேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். என் கணவரின் பஸ்ஸிலேயே அவள் திரும்பி வந்திருந்தாள். வாசல் படியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் விளக்கினேன். சாய்கோடு, கோப்புறை, பழைய சிஸ்டத்தில் என் விரல் செய்தது, இதைக் கண்டுபிடித்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் பெயரைப் பற்றி என்ன தெரியும் என்பது வரைக்கும் பேசினேன். என் தவறுதான், ஆனால் என் தவறு மட்டும் இல்லை என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவள் இரண்டு காலணியையும் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அக்கா, எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது" என்றாள். "அனுப்பறதுக்கு முன்ன என் பேரு இருக்கான்னு ஒரு தடவ பாத்திருக்கலாம். அவ்ளோதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். எனக்கு அது கைவந்த வேலை. தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தேன்.

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "நீ மன்னிப்பு கேட்டியா, பாடம் நடத்துனியா?" என்றார். தட்டை அவர் முன்னாலிருந்து பிடுங்கலாமா என்று வந்தது. மறுபடியும் தெருவைக் கடந்துபோய்க் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். கேட்டைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் கணவரின் பஸ்ஸில் ஏறிப்போய்க் காவலரிடமும் கேட்டேன். அவர் நான் சொல்லி முடிப்பதற்குள் கையை ஆட்டி, "தாப்பா, காக்" என்றார். பரவாயில்லையாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆளே இல்லை. கணவர் வானொலியைப் போட்டார், நிறுத்தச் சொன்னேன்.

லினக்ஸை நான் விடவில்லை. விடவும் மாட்டேன். அதே மடிக்கணினியில்தான் இதையும் எழுதுகிறேன். ஸ்கிரிப்டின் கடைசியில் இருந்த 'எல்லாம் முடிந்தது அக்கா' என்ற வரியை மட்டும் அழித்துவிட்டேன். இப்போது அது பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை கடிதம் தயாரானது என்று இரண்டு எண்ணைக் காட்டிவிட்டு நிற்கிறது. எண்கள் ஒத்துப்போனாலும் நான் பெயர்களை வாய்விட்டுப் படிக்கிறேன். கணவர் அடுத்த அறையிலிருந்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல, "உள்ளேன்" என்று கேலி செய்வார்.

ஏழு மாதம் கழித்து அடுத்த ஷட்டவுனுக்குப் பட்டியல் வந்தது. கடிதங்களைத் தயாரித்தேன். எண்கள் ஒத்துப்போயின. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் படித்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் இல்லை. மறுபடியும் ஸ்கிரிப்டைத் திட்டிக்கொண்டே அதன் ஒவ்வொரு வரியையும் பார்த்தேன். பிறகு கோப்புறையை விட்டுவிட்டு, குத்தகைக்காரர் அனுப்பிய மூலப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினேன்.

அதிலும் இல்லை. அவள் பெயர் கொடுக்கவே இல்லை.